எண்ணெயை விட்டால் செலவை யார் கணக்கில் எழுதுவது?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

எனக்குப் பாடம் நடத்திய காலத்தை நினைத்து இன்னும் என்னை ஒருமையில் கூப்பிடும் உரிமையுள்ள இரண்டு மூத்த ஆசிரியர்களே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கேள்விக்கு ஒரே தப்பான விடையை எழுதிய நண்பர்களே, மாணவ மாணவியரே!

சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, எண்ணெயை விட்டு வெளியே வர்றதுக்கு என்ன செலவாகும்னு பசங்க கேக்குறாங்க. நீங்க வந்து பேசணும்" என்றார். என் மனைவி பக்கத்தில் இருந்து, "டாக்டர் பத்து வருஷமா அதைத்தானே சொல்றார், இவர் வடையை விட்டாரா?" என்றாள். அந்த எண்ணெய் இல்லை. பூமிக்கடியில் இருந்து வருகிற எண்ணெய். முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கரை ஆலை டிஸ்டில்லரியில் வேலை பார்த்தவன் நான். பெட்ரோலுக்கு மாற்று என்று இன்று ஊரெல்லாம் பேசுகிற எத்தனாலை அன்றாடம் மோந்து பார்த்துப் பிழைத்தவன். அதனால் நான் பேசினால் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

1973-ல் நாங்கள் இங்கே இரண்டாம் ஆண்டு. அந்த அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. ஒரு பீப்பாய் சுமார் 3 டாலர் விற்றது, 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கிவிட்டது. எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் லாம்பிரட்டாவில் பந்தாவாக வருவார். அந்த மாதத்தில் இருந்து சைக்கிள். நாங்கள் சிரித்தோம். அவர் வகுப்பில் வந்து, "சிரிங்கடா, சிரிங்க. டில்லியில வாஜ்பாயே மாட்டு வண்டியில பார்லிமெண்டுக்குப் போறார்" என்றார். உண்மைதான். பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து அந்த நவம்பரில் அவர் அப்படித்தான் போனார். விடுதி மெஸ்ஸில் விறகு அடுப்பு என்பதால் எங்கள் சாம்பாருக்கு ஒரு கேடும் வரவில்லை. அதனால் எங்களுக்கு விஷயத்தின் கனம் உறைக்கவில்லை.

உறைத்தது 1991-ல். அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை எகிறியது. அங்கே வேலை செய்த நம் ஆட்கள் லட்சத்துக்கும் மேல் கையில் ஒரு பையோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த பணமும் நின்றது. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. ஒரு கட்டத்தில் நாட்டின் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்தோம். நம் வீட்டில் நகையை அடகு வைத்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் வைப்போம். நாடு வைத்தால் பேப்பரில் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, எண்ணெயை நம்பி இருப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை என் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றும் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியே இருந்துதான் வருகிறது. 2022-23-ல் மட்டும் அதற்குக் கொடுத்தது ஏறத்தாழ 15,700 கோடி டாலர். "அப்புறம் என்ன, விட்டுட வேண்டியதுதானே?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விடலாம். ஆனால் விடுவதற்கும் ஒரு பில் வரும். அந்தப் பில்லை யாரிடம் நீட்டுகிறோம் என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

அதற்கு ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன், பிரேசில். நம்மைப் போலவே கரும்பு விளைகிற நாடு, நம்மைப் போலவே அந்நியச் செலாவணிக்குத் தவித்த நாடு. 1973-ல் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதத்தை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. ஒரே ஆண்டில் அந்தச் செலவு மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. அதே சமயம் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்தது. எண்ணெய் வாங்கக் காசில்லை, சர்க்கரையை வாங்க ஆளில்லை. அப்போது ஆண்ட ராணுவ அரசு 1975 நவம்பரில் ஒரு திட்டம் போட்டது. 'புரோ ஆல்கூல்' என்று பெயர். கரும்புச் சாற்றைச் சாராயமாக்கி வண்டியில் ஊற்று என்பதுதான் திட்டம். நம் ஊரில் சாராயத்தைக் குடித்து வண்டியை விட்டுவிடுவார்கள். அவர்கள் வண்டிக்கே ஊற்றினார்கள்.

விளையாட்டில்லை, பெரிய சாதனை. 1975-ல் ஆண்டுக்கு 60 கோடி லிட்டருக்கும் குறைவாக எத்தனால் எடுத்தவர்கள், பத்தே வருஷத்தில் சுமார் 1,200 கோடி லிட்டருக்குப் போனார்கள். முதலில் பெட்ரோலில் கலந்தார்கள். 1979-ல் முழுக்க முழுக்க எத்தனாலில் ஓடும் கார் வந்தது, பியட் கம்பெனி செய்தது. 1980-களின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எத்தனால் கார். அதுவரை உலகத்தில் வேறெந்த நாடும் அந்த வேகத்தில் பெட்ரோலை விட்டதில்லை.

எப்படி முடிந்தது? காசை இறைத்தார்கள். டிஸ்டில்லரி கட்டுகிறவருக்குக் கடன். விலைவாசி ஆண்டுக்கு நாற்பது சதவீதம், பிறகு நூறு சதவீதம் என்று ஏறுகிற நாட்டில், அதற்கு மிகக் குறைவான வட்டிக்குக் கடன். கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். வாங்கின கடனில் பாதியைப் பணவீக்கமே கட்டிவிடும். மீதியைக் கட்டியது யார்? சம்பளத்தில் பிழைக்கிறவன். அவன் கையில் இருக்கிற காசின் மதிப்புதான் கரைந்தது. எத்தனால் கார் வாங்குகிறவருக்கு வரிச் சலுகை, டாக்சி என்றால் இன்னும் அதிகச் சலுகை. பம்பில் எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 65 சதவீதத்தைத் தாண்டாது என்று அரசு வாக்குக் கொடுத்தது.

அந்த 65 எங்கே இருந்து வந்தது என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற வெப்பசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதே தூரம் போக அதிக லிட்டர் வேண்டும். ஆகவே விலை அந்த அளவுக்குக் குறைந்தால்தான் வாங்குகிறவனுக்கு நட்டமில்லை. இதைக் கவனியுங்கள், திரும்ப வருவேன்.

1986-ல் கதை மாறியது. உலகச் சந்தையில் எண்ணெய் பீப்பாய் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. நேற்றுவரை நாட்டைக் காப்பாற்றிய எத்தனால் இன்று தண்டச் செலவு ஆகிவிட்டது. அரசிடம் பணமில்லை, கடன்காரர்கள் கழுத்தை நெரித்தார்கள். ஆலைகளுக்குக் கொடுக்கிற எத்தனால் விலையை ஏற்றாமல் இறுக்கிப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறியது. ஆலைக்காரர் என்ன செய்வார்? நான் ஆலையில் இருந்தவன், சொல்கிறேன். ஒரே கரும்பு, ஒரே அரவை. சாறு இந்தப் பக்கம் திரும்பினால் சர்க்கரை, அந்தப் பக்கம் திரும்பினால் எத்தனால். ஒரு வால்வைத் திருப்புகிற வேலை. அவர்கள் திருப்பினார்கள்.

1990 தொடக்கத்தில் எங்கள் ஆலை சார்பில் மூன்று பேர் அங்கே போனோம், சாவோ பாலோ மாநிலத்துக்கு. நொதிப்புத் தொட்டிகளைப் பார்த்துவர அனுப்பினார்கள். தொட்டிகளைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில் நிற்பது ஒரு டாக்சி. எங்களை ஆலைக்குக் கூட்டிப்போக அமர்த்திய வண்டி, போகிற வழியில் பம்பில் வரிசையில் நின்றது. முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணிப் பார்த்து முப்பதோடு விட்டுவிட்டேன். வெயில். இரண்டு மணி நேரம் நின்றோம். பக்கத்துக் குழாயில் பெட்ரோல் தாராளமாக இருக்கிறது, அந்த வரிசையில் ஆளே இல்லை. இவர் வண்டியில் அதை ஊற்ற முடியாது. இன்ஜினையே எத்தனாலுக்கென்று செய்துவிட்டார்கள். காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் ஒரு சின்ன டப்பாவில் பெட்ரோல் வைத்திருந்தார். அதைக் காட்டிச் சிரித்தார். மொழிபெயர்க்க வந்த இளைஞர் அவர் சொன்னதைச் சொன்னார்: "நாட்டுக்காக வாங்குன்னு சொன்னாங்க. வாங்கினேன். இப்ப இதை விற்கலாம்னா எவனும் வாங்கமாட்டேங்கிறான்."

அப்படி எத்தனாலை மட்டுமே நம்பிய வண்டிகள் அந்த நாட்டில் 40 லட்சத்துக்கும் மேல். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் திட்டம் போட்ட நாடு, வெளிநாட்டில் இருந்து எத்தனாலையும் மெத்தனாலையும் இறக்குமதி செய்தது. இதைவிடக் கசப்பான தமாஷ் உண்டா? ஒரு தலைமுறை எத்தனால் காரைக் கண்டாலே ஓடியது. 1990-களின் கடைசியில் புதுக் கார்களில் நூற்றுக்கு ஒன்றுகூட எத்தனால் கார் இல்லை.

இன்னொரு விஷயம், இது ரசாயனம் படிக்கிறவர்களுக்கு. கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல் மட்டும் தனியாக வராது. டீசல், மண்ணெண்ணெய், தார் எல்லாம் சேர்ந்துதான் வரும். பிரேசிலின் லாரிகளும் டிராக்டர்களும் டீசலில் ஓடின. அந்த டீசலுக்காகக் கச்சா எண்ணெயைக் காய்ச்சியே ஆகவேண்டும். கூடவே வந்த பெட்ரோலுக்கு உள்ளூரில் ஆளில்லை. அதை வெளிநாட்டுக்கு மலிவாகத் தள்ளினார்கள். பெட்ரோலை மிச்சம் பிடித்தால் அதே அளவுக்குக் கச்சா எண்ணெய் மிச்சமாகும் என்பது கடைக்காரர் கணக்கு. சுத்திகரிப்பு ஆலைக் கணக்கு வேறு. நம் நாட்டிலும் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் டீசல் செலவாகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டாக்சிக்காரருக்காவது ஒரு கார் இருந்தது. கரும்பு வெட்டியவர்கள் கதையைச் சொல்ல வேண்டாமா? அங்கே அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, 'போயா ஃப்ரியா'. ஆறின சோறு என்று அர்த்தம். விடியுமுன் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு லாரியில் ஏறி, நடுக்காட்டில் ஆறிப்போனதைச் சாப்பிடுகிறவர்கள். நம் ஊர்க் கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தாலும் பொருந்தும். டன் கணக்கில்தான் கூலி. 1984 மே மாதம் குவாரிபா என்ற ஊரில் ஒரு கலவரம். காரணம் கேட்டால் சின்ன விஷயம் போலத் தெரியும். ஒருவர் ஐந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போனதை ஏழு வரிசை ஆக்கினார்கள். அவ்வளவுதான். ஆனால் வெட்டிய கரும்பை நடு வரிசையில் கொண்டு வந்து போட வேண்டும். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே இருப்பது ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று இடுப்பைக் கேட்டால் தெரியும். கூலியோ அதே கூலி. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், போலீஸ் வந்தது, ஓர் உயிர் போனது. எண்ணெய்க்கு மாற்று மலிவாகக் கிடைத்தது என்று புத்தகத்தில் எழுதினால், அந்த மலிவில் இந்த இரண்டு வரிசையும் சேர்ந்திருக்கிறது. பின்னாளில் அறுவடை இயந்திரம் வந்தது. ஓர் இயந்திரம் எண்பது, நூறு பேர் வேலையைச் செய்தது. இடுப்பு தப்பியது, வேலை போயிற்று.

அடுத்து, கழிவு. இங்கே நான் பிரேசிலைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு லிட்டர் சாராயம் எடுத்தால் பத்து முதல் பதினைந்து லிட்டர் கழிவுநீர் வெளியே வரும். ஸ்பெண்ட் வாஷ் என்போம். காப்பி டிகாஷன் நிறம், கொதிக்கக் கொதிக்க வரும், நாற்றம் சொல்ல முடியாது. அங்கே முதலில் ஆற்றில்தான் விட்டார்கள், மீன் செத்து மிதந்தது. 1970-களின் கடைசியில் தடை வந்தது. அதற்கப்புறம் அளவாக நீர்த்து வயலுக்கே பாய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். அதில் பொட்டாசியம் உண்டு, கரும்புக்கு நல்லது.

நாங்கள் என்ன செய்தோம்? நான் வேலை பார்த்த ஆலையின் பெயர் வேண்டாம். 1980-களில் எங்கள் ஸ்பெண்ட் வாஷ் மண்குட்டையில் தேங்கும். குட்டை நிரம்பினால் ராத்திரி ஷிப்டில் மடையைத் திறந்து ஓடையில் விடுவார்கள். காலையில் ஷிப்டு கெமிஸ்ட் கழிவு ரிஜிஸ்டரில் 'இயல்பு நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஷிப்டு கெமிஸ்ட் நான். ஒரு நாள் பக்கத்து ஊர் விவசாயி ஒருத்தர் பிராந்தி பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தார். வெளிர் காப்பி நிறம். "ஐயா, இது எங் கெணத்துத் தண்ணி. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிது. நீங்க படிச்சவரு, இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். சண்டைக்கு வரவில்லை. பார்த்துச் சொல்லத்தான் கேட்டார். நான் பார்த்தேன். லேபில் சி.ஓ.டி. டெஸ்ட் போட்டேன், எண் வந்தது. அந்த எண்ணை அவரிடம் சொல்லவில்லை. "அனுப்பியிருக்கோம், தகவல் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், வேலை போனால் என்ன செய்வது என்ற பயம். அவர் மூன்று முறை வந்தார், நாலாவது முறை வரவில்லை. அந்தக் கிணற்றை அப்புறம் தூர்த்துவிட்டார்கள். எங்கள் ஆலை அந்த வருஷம் சாராய விற்பனையில் நல்ல லாபம் காட்டியது. எந்த வருஷக் கணக்கிலும் அந்தக் கிணறு செலவாக ஏறவில்லை.

இதை இந்த மேடையில் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே படித்த ரசாயனத்தைத்தான் அன்று நான் மறைத்தேன். அதனால் இங்கேதான் சொல்ல வேண்டும் என்று பட்டது.

பிரேசிலுக்கு வருகிறேன். அவர்கள் அழிந்து போகவில்லை. 2003-ல் வோக்ஸ்வேகன் கம்பெனி பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடுகிற காரை அங்கே கொண்டு வந்தது. சில வருஷங்களிலேயே புதுக் கார்களில் பெரும்பகுதி அந்த வகைதான். ஏன் தெரியுமா? அந்த டாக்சிக்காரரின் இரண்டு மணி நேரம் அதில் மிச்சம். எது மலிவோ அதை ஊற்றிக்கொள்ளலாம். இன்றைக்கும் அங்கே சாதாரண மனிதன் பம்பில் வந்து மனக்கணக்குப் போடுகிறான்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல். அரசு கொடுத்த வாக்கைவிட அந்தக் கணக்கு கெட்டியாக நிற்கிறது. இடையில் 2006-ல் கடலடியில் உப்புப் பாறைக்குக் கீழே பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடித்து, எண்ணெய் ஏற்றுமதி செய்கிற நாடாகவே ஆகிவிட்டார்கள் என்பது தனிக்கதை. முப்பது வருஷம் பாடுபட்டு ஒரு பழக்கத்தை விடப் பார்த்தவன் வீட்டுக் கொல்லையிலேயே சாராய ஊற்று கிளம்பின மாதிரி.

மொத்தத்தில் லாபமா நட்டமா என்று கேட்டால் என் அபிப்பிராயம், அந்த நாட்டுக்கு லாபம்தான். அந்தத் தொழில்நுட்பம், அந்தக் கரும்பு ரகங்கள், சக்கையை எரித்தே ஆலையை ஓட்டி மிச்ச மின்சாரத்தை விற்கிற நேர்த்தி, எல்லாம் அந்தச் செலவில் வந்தவை. நாட்டுக்கு லாபம் என்று சொல்கிறபோது டாக்சிக்காரரும் கரும்பு வெட்டியவரும் அந்த நாட்டில் சேர்த்தியா என்பதுதான் என் கேள்வி.

இப்போது நம் கதை. நம் நாட்டில் 2003-ல் ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. பத்து வருஷம் அது நொண்டியடித்தது. பிறகு வேகம் பிடித்து 2022-ல் 10 சதவீதம், 2025-ல் 20 சதவீதம். முதலில் 2030 என்று வைத்த குறி. ஐந்து வருஷம் முன்னதாக எட்டியது சாதாரண வேலை இல்லை, என்னைப் போன்ற பழைய டிஸ்டில்லரி ஆட்களுக்குப் பெருமையும்தான்.

ஆனால் முன்னே சொன்ன மூன்றில் இரண்டு பங்கு கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். இருபது சதவீதம் எத்தனால். அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஒரு லிட்டரில் ஆறேழு சதவீதம் சக்தி போயிற்று. புதிதாக அதற்கென்றே செய்த இன்ஜினில் கொஞ்சம் ஈடுகட்டலாம். பழைய பைக் வைத்திருக்கிறவன் என்ன செய்வான்? பிரேசில்காரனுக்குப் பம்பில் இரண்டு குழாய், இரண்டு விலை. இவனுக்கு ஒரே குழாய், ஒரே விலை. "விலை ஏன் குறையலே?" என்று கேட்டால், எத்தனாலே விலை கூடுதல் என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. 2024-25-ல் மக்காச்சோளத்தில் இருந்து எடுக்கிற எத்தனாலுக்கு நிர்ணயித்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. வரி சேராத பெட்ரோலைவிட அது அதிகம். அந்தப் பணம் டாலராக வெளியே போகாமல் உள்ளூர் விவசாயிக்குப் போகிறது என்பது நல்ல விஷயம். நல்லது என்றால் அதற்கு இன்னார் காசு கொடுக்கிறார் என்று வெளிப்படையாகச் சொல்லலாமே! கொடுக்கிறவர் பழைய பைக்கில் பால் ஊற்றப் போகிறவர்.

மக்காச்சோளம் என்றதும் நாமக்கல் பக்கம் இருந்து வந்திருக்கும் நண்பர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தெரியும். கோழித் தீவனத்தில் பெரும்பங்கு அதுதான். டிஸ்டில்லரிகள் வாங்கத் தொடங்கியதும் விலை ஏறியது. காலங்காலமாக ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-ல் மக்காச்சோளத்தை நிகரமாக இறக்குமதி செய்தது. எண்ணெய் இறக்குமதிக்குப் பதில் சோள இறக்குமதி! சோளம் விதைத்தவருக்கு நல்ல விலை, கோழி வளர்த்தவருக்குத் தலைவலி. டிஸ்டில்லரியில் மிஞ்சும் சக்கையும் தீவனமாக வந்ததால் சோயா புண்ணாக்குக்காரருக்கு இன்னொரு தலைவலி. ஒரு நூலை இழுத்தால் நாலு இடத்தில் துணி சுருங்குகிறது.

கரும்புக்கு வந்தால், 2023-ல் மழை குறைந்து கரும்பு குறையும் என்று தெரிந்ததும், டிசம்பரில் மத்திய அரசு கரும்புச் சாற்றில் இருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று ஒரே நாளில் உத்தரவு போட்டது. சில நாளில் ஓரளவு தளர்த்தினார்கள். ஆனால் கடன் வாங்கிப் புதுப் பிளாண்ட் போட்டவர் முகம் எப்படி இருந்திருக்கும்? எனக்கு அந்த டாக்சிக்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது. சர்க்கரை விலை ஏறக் கூடாது என்பது அரசுக்கு முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கடன் கொடுத்திருக்க வேண்டும்.

மின்சார வண்டி பற்றிக் கேட்பீர்கள். அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும். நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார். வரியைத் தள்ளுபடி செய்து சாதித்தார்கள். அந்தத் தள்ளுபடியைத் தாங்குகிற கஜானா எண்ணெயும் வாயுவும் விற்று நிரம்பியது. நம் கஜானாவோ பெட்ரோல், டீசல் வரியில் நிரம்புகிறது. மத்திய அரசுக்குக் கலால், மாநிலத்துக்கு வாட். பெட்ரோலே விற்காத காலம் வந்தால் அந்த வரியை வேறு எதன் மேலாவது போட்டாக வேண்டும். எதன் மேல் என்று எந்தக் கட்சி மேடையிலும் நான் இதுவரை கேட்டதில்லை. பிஸ்டனும் வால்வும் கியரும் செய்து வாழும் கோயம்புத்தூர், ஓசூர்ப் பட்டறைகளில் நம் மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மின்சார மோட்டாருக்கு பிஸ்டனும் வேண்டாம், வால்வும் வேண்டாம். நேற்று ராத்திரி ஒரு மாணவி என்னிடம் வந்து, "சார், எங்கப்பா வால்வு லேத்துல இருக்கார். நான் பேட்டரி பக்கம் படிக்கவா?" என்று கேட்டாள். படி அம்மா என்றேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறை முதலாளிக்கு இயந்திரம் மாற்ற மானியம் கொடுக்க யோசனைகள் உண்டு. லேத்தில் நிற்கிறவருக்கு நாற்பத்தெட்டு வயதில் வேறு தொழில் பழக யார் சம்பளம் கொடுப்பது என்பதற்கும் அதே அளவு யோசனை வேண்டும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தியில் இலை போட்டாயிற்று போல. ஒரே ஒரு விண்ணப்பம் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

எத்தனாலுக்காகப் புதுப்புது டிஸ்டில்லரிகள் வந்திருக்கின்றன. இன்றைய சட்டம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். எங்கள் ஆலையிலும் ஒரு ரிஜிஸ்டர் இருந்தது, அதில் என் கையெழுத்தும் இருந்தது. ஆகவே நம் ரசாயனத் துறைத் தலைவரிடம் கேட்கிறேன். இந்த வட்டாரத்தில் டிஸ்டில்லரிக்குப் பக்கத்து ஊர்களில் இருந்து யார் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தாலும் நம் லேபில் பார்த்து, வந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி, புரிகிற தமிழில் அர்த்தமும் சொல்லி, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். மாணவர்களுக்கு அது பிராக்டிகலாகவும் ஆகும். மருந்துப் பொருள் செலவை ஐந்து வருஷத்துக்கு நான் ஏற்றுக்கொள்கிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை நானே வந்து பர்னர் பக்கத்தில் நிற்கிறேன். கண் கொஞ்சம் மங்கினாலும் டைட்ரேஷனில் நிறம் மாறுவது இன்னும் தெரிகிறது. துறைத் தலைவர் தலையாட்டுகிறார் என்று நினைக்கிறேன். ஆட்டாவிட்டாலும் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லேப் வாசலில் இருப்பேன்.